மாற்ற எதிர்ப்பு: ஒரு கருத்தின் வரலாறு

நிறுவனம் வேலைமுறையை மாற்ற முனையும்போது பணியாளர்களிடம் எழும் தயக்கத்தையும் மறுப்பையும் மேலாண்மையியலார் மாற்ற எதிர்ப்பு என்பர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மரியன் நகரில், இரவு உடைகள் தைத்த ஹார்வுட் ஆலையில் லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வின் வழியாகவே இக்கருத்து பரவலாயிற்று.

அங்கு இஸ்திரி போட்டவர்கள், முடித்த உடைகளை அரை டஜன் அரை டஜனாக அட்டையின்மேல் அடுக்குவதற்குப் பதில் பெட்டிக்குள் அடுக்க வேண்டும் என்று நிர்வாகம் பணித்தது. மாற்றம் சிறிதாயினும், பீஸ் ரேட் எனப்படும் உருப்படிக்கூலி முறையில் கை பழகும்வரை வேகம் குறைந்து கூலியும் குறையும் என்பதால், தொழிலாளருக்கு அது சிறிதன்று. விளக்கிச் சொல்லிவிட்டு மாற்றத்தைச் சுமத்திய இக்குழுவில் உற்பத்தி மீளவில்லை; நாற்பது நாளுக்குள் 17 விழுக்காட்டினர் விலகினர். அனைவரும் கலந்து பேசிப் புதிய முறையை வகுத்த வேறு குழுக்களிலோ எவரும் விலகவில்லை; உற்பத்தி பழைய அளவையும் ஏறத்தாழ 14 விழுக்காடு விஞ்சியது. பங்கேற்பின் வெற்றியாகப் போற்றப்படும் இவ்வாய்விலும், செலவைக் குறைத்தாக வேண்டும் என்ற முடிவை முன்வைத்தது நிர்வாகமே என்பதும், எவ்வாறு என்பது மட்டுமே தொழிலாளரின் பேச்சுக்கு விடப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கன.

பின்வந்த நூல்கள் கூலியையும் அதிகாரத்தையும் பின்தள்ளி, எதிர்ப்பைப் பணியாளரின் மனக்குறையாகவே வருணித்தன. ஜான் காட்டரும் லெனார்ட் ஷ்லெசிங்கரும் 1979இல் எதிர்ப்பைக் கையாள வகுத்த ஆறு வழிகளில், தகவலைத் தேர்ந்து வெளியிடும் சூழ்ச்சிக் கையாளுகையும், பணிநீக்க மிரட்டலை உள்ளடக்கிய வற்புறுத்தலும் இடம்பெற்றன. தொழிலாளி சொல்வது சரியாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எவ்வளவு பின்னுக்குப் போயிருந்தது என்பதற்கு இப்பட்டியலே சான்று.

இப்போக்கை எரிக் டென்ட், சூசன் கோல்ட்பர்க் ஆகியோர் 1999இல் நேரடியாக மறுத்தனர். இக்கருத்துக்கு அடித்தளமிட்ட உளவியலாளர் குர்ட் லெவின் எதிர்ப்பைத் தனிமனித இயல்பாக அன்றி, அமைப்பு முழுவதும் விரவிய விசைகளின் விளைவாகவே கருதினார் என்றும், மக்கள் எதிர்ப்பது மாற்றத்தையன்று, வருமானம், பதவி, வசதி ஆகியவற்றின் இழப்பையே என்றும் அவர்கள் வாதிட்டனர். ஜெஃப்ரி ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் மேலும் ஓரடி சென்று, கொடுத்த வாக்கை மீறியும் காரணங்களை உரிய முறையில் விளக்காமலும் மாற்றத்தை நடத்துவோரே எதிர்ப்பை உண்டாக்குவதுண்டு என்றும், எதிர்ப்பாகக் கருதப்படும் கேள்விகள் திட்டத்தின் பிழைகளைத் திருத்த உதவக்கூடும் என்றும் எடுத்துரைத்தனர்.