புரோஜெஸ்டிரோன் மாத்திரை: விழுங்கினால் ஏன் தூக்கம் சொக்குது?

கர்ப்பம் நிலைக்க உதவும் ஹார்மோன் புரோஜெஸ்டிரோன். இயற்கை வகை மாத்திரையை விழுங்கினால், குடலிலும் கல்லீரலிலும் உள்ள என்சைம்கள் அதை உடைத்துத் தள்ளிவிடும். மாறாமல் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது 10 சதவீதத்துக்கும் குறைவு. உடையும்போது உருவாகும் அல்லோபிரெக்னனலோன் மூளையை மந்தமாக்கும். தூக்கம் சொக்குவது அதனாலதான். ராத்திரி படுக்கும்போது சாப்பிடச் சொல்வதும் அதற்குத்தான்.

பிறப்புறுப்பில் வைக்கும்போது, மருந்து கல்லீரலில் சிக்காமல் பெரும்பாலும் நேரே கருப்பைக்குப் போகும். கூச்சப்பட்டு அதை விழுங்கிவிட்டால் டோஸ் கணக்கே மாறிப்போகும். டைட்ரோஜெஸ்டிரோன் வேற ரகம். என்சைம் மாற்றிய பிறகும் வேலை செய்யும் என்பதால் அதை விழுங்கலாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபைன் எடுப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிடணும். இவை என்சைம்களை முடுக்கிவிட்டு ஹார்மோனைச் சீக்கிரமே காலி செய்துவிடும். அதுக்காக அந்த மருந்துகளைத் தானாக நிறுத்தவும் கூடாது.