சோவாஸ் கோடும் வயிற்று எக்ஸ்ரேயின் தரமும்

வயிற்று எக்ஸ்ரே தேறுமா, தேறாதா என்று பார்க்கும்போது பலரும் முதலில் தேடுவது, முதுகெலும்பின் இருபுறமும் சரிந்திறங்கும் சோவாஸ் தசையின் ஓரக்கோட்டை. கோடு தெரிந்தால் படம் சரி. தெரியாவிட்டால் இன்னொரு படம். இந்தப் பழக்கத்துக்குத் தொடக்க ஆண்டு ஒன்றைக் குறிப்பது வீண். ஐரோப்பிய ஆணையத்தின் 1996ஆம் ஆண்டு வழிகாட்டி அதற்கு எழுத்து வடிவில் அதிகாரம் தந்தது என்பதே இங்கு முக்கியம்.

சென்னையில் பார்னார்டு கதிரியல் நிறுவனம் தோன்றிய 1934இல், பிலிமின் கருமைதான் முக்கிய அளவுகோல். கதிர் கூடினால் படம் கறுக்கும்; குறைந்தால் வெளிறும். 1996 வழிகாட்டி கருமையோடு நிற்காமல், உடலுறுப்புகளையும் அளவுகோலாக்கியது. அது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் அதன் சிறுநீர்ப் பாதைப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். சிறுநீரகத்தின் மேல்முனையிலிருந்து சிறுநீர்ப்பையின் அடிவரை படத்தில் அடங்க வேண்டும். சிறுநீரக வரம்பு தெரிய வேண்டும். எலும்புகள் கூர்மையாக விழ வேண்டும். சோவாஸுக்கோ, எவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வழிகாட்டி வகுத்த மூன்று படிகளில் மிகத் தாழ்ந்த படிதான்: தட்டுப்பட்டால் போதும். இந்த அடக்கமான நிபந்தனைதான் நடைமுறையில் வயிற்றுப் படம் முழுவதற்குமான நுழைவுத் தேர்வாகிவிட்டது.

அந்தத் தாழ்ந்த படியைக்கூட ஏற்பதற்கில்லை. சோவாஸின் ஓரத்தைக் காட்டுவது தசையன்று, அதை ஒட்டிய கொழுப்பு. கொழுப்பு குறைந்த உடலில், எவ்வளவு திருத்தமாக எடுத்தாலும் கோடு மங்கும். நோயே இல்லாதவரிடமும் ஒருபக்கக் கோடு மறையலாம். இந்த அடையாளத்தின் மதிப்பை எல்கின், கோஹன் என்ற ஆய்வாளர்கள் 1962லேயே ஆராய்ந்தனர். வழிகாட்டி மனத்தில் கொண்டதோ 70 கிலோ எடையும் 20 செ.மீ. உடல் தடிமனும் உள்ள நோயாளியை. பழவேற்காடு ஏரிக்கரையில், காட்டுப்பள்ளிப் பக்கத்தில், நாளெல்லாம் தண்ணீரில் இறங்கி கையால் தடவி இறால் பிடிக்கும் ஒல்லியான பெண்ணுக்கு அந்த அளவு பொருந்துமா? பொருந்தாது என்பது அளந்து கண்ட முடிவன்று, அனுமானம். இருந்தும் கொழுப்புக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு உறுதியானது; ஆகவே அனுமானமும் வலுவானது. நோயாளியின் உடல்வாகைப் படத்தின் குறையாக எண்ணுவது தவறு.

டிஜிட்டல் வந்தபின் சிக்கல் கூடியது. வெளிச்சத்தைக் கணினி சரிசெய்துவிடுவதால், கூடுதல் கதிர் பாய்ந்த படமும் அழகாகவே தெரிகிறது. கதிர் குறைந்தால் மட்டும் படம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. இதற்காகவே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2008இல் பட உணரியில் விழுந்த கதிரின் அளவைச் சுட்டும் எண்ணான எக்ஸ்போஷர் இண்டெக்ஸுக்குப் பொது வரையறை தந்தது. கோட்டைத் துலக்கக் கதிரைக் கூட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

தரம் என்பது கேள்வியைப் பொறுத்தது. குடலில் ஓட்டை என்ற சந்தேகத்தில் நிற்கவைத்து எடுத்த படத்தில் உதரவிதானம் விடுபட்டால், சோவாஸ் பளிச்சென்று தெரிந்தும் பயனில்லை. கிட்னி கல்லுக்காகச் சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை எடுக்கும் கே.யு.பி. படத்தில் பூப்பெலும்பு இணைப்பு வெட்டுப்பட்டால், கீழே இறங்கிய கல் தப்பிவிடும். இவை மறுபடம் எடுக்கத் தகுந்த குறைகள். எலும்பு கூர்மையாகவும், எல்லை முழுமையாகவும், இண்டெக்ஸ் வரம்புக்குள்ளும் இருக்கும்போது, சோவாஸ் தெரியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் மறுபடி கதிருக்கு உட்படுத்தக் கூடாது.