நிறமும் விளம்பரமும்

ஒரு சமூகத்தாரை உலகம் எவ்வாறு மதிக்கின்றதென்பதை அறியச் சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் மட்டும் போதாது. கடைவீதி விளம்பரத்தையும் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியையும் நோக்க வேண்டும். அங்கே எவர் முகம் எஜமானனாகவும், எவர் முகம் ஏவலாளாகவும், எவர் முகம் கோமாளியாகவும் காட்டப்படுகின்றதோ, அதுவே அவரவர்க்கு அளிக்கப்பட்ட ஸ்தானம். இதற்கு அமெரிக்கச் சரித்திரம் தக்க சான்று பகர்கின்றது.

அந்நாட்டில் தொலைக்காட்சி தலையெடுத்த காலத்தில், நிகழ்ச்சிகளின் செலவை விளம்பர வியாபாரிகளே ஏற்றனர். அவர்கள் மனம் வைத்தாலன்றி எந்நிகழ்ச்சியும் நிலைக்காது. 1950-ஆம் ஆண்டில் 'பியூலா' என்னும் தொடர் தோன்றிற்று. அதன் நாயகி, வெள்ளையர் இல்லத்தில் ஊழியம் புரியும் கறுப்பினப் பணிப்பெண். அதற்குப் பொருளுதவ ஒரு பெரிய சோப்புக் கம்பெனி முன்வந்தது. 1951-இல் 'ஏமஸ் அண்டு ஆண்டி' என்ற தொடர், கறுப்பர்களை அசடராகவும் வஞ்சகராகவும் காட்டி நகைப்பூட்டியது. அதற்கும் ஒரு பீர்க் கம்பெனி பணமளித்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்தார் கிளர்ச்சி செய்தனர். 1953-இல் அது நின்றது. எனினும் பழைய படங்கள் 1966 வரை ஊரூராய்ச் சுற்றின.

நிற்க. 1956 நவம்பர் 5-ஆம் நாள், என்.பி.சி. நிலையத்தில் நாட் கிங் கோல் என்னும் புகழ்பெற்ற பாடகரின் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. அலபாமா மாகாணத்திற் பிறந்த கறுப்பர் அவர். அவருடைய இசைத்தட்டுகளை வெள்ளையரும் லட்சக்கணக்கில் வாங்கி மகிழ்ந்தனர். ஆயினும் அதே ஆண்டு ஏப்ரலில், பர்மிங்ஹாம் நகர மேடையில் பாடிக்கொண்டிருக்கையிலேயே நிறவெறியர் சிலர் பாய்ந்து அவரைத் தாக்கினர். அத்தகைய நாட்டில், நல்லுடை தரித்து, நயமாகப் பேசி, வெள்ளைக் கலைஞரையும் விருந்தினராக வரவேற்கும் கறுப்பராக அவர் வீடுதோறும் தோன்றினார். எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட், ஹாரி பெலஃபான்டே முதலிய பெருங்கலைஞர், குறைந்த ஊதியம் பெற்று அவருக்குத் துணை நின்றனர்.

பயன் யாது? சில ஊர்களில் சில்லறை ஆதரவு கிடைத்ததேயன்றி, நாடு முழுவதற்கும் பொறுப்பேற்க ஒரு கம்பெனியும் வரவில்லை. ஓராண்டுக்குமேல் நிலையமே செலவைச் சுமந்தது. 1957 டிசம்பர் 17-ஆம் நாளுடன் நிகழ்ச்சி முடிவுற்றது. விளம்பர நிறுவனங்களே இதற்குக் காரணமென்று அடுத்த ஆண்டில் கோல் பத்திரிகையில் எழுதினார்.

தெற்கத்தி வெள்ளையர் கோபித்துச் சரக்கை வாங்க மறுப்பர் என்பதே வியாபாரிகளின் சமாதானம். வியாபாரி சீர்திருத்தக்காரனல்லன், ஜனங்களின் ருசியை அனுசரிப்பவன் என்று வாதிப்போரும் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: பணிப்பெண்ணைக் காட்டியபோது வராத நஷ்டம், பாடகனைக் காட்டும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? அவர்கள் அஞ்சியது கறுப்பு முகத்திற்கன்று. கறுப்பு முகத்தின் கௌரவத்திற்கே! 1968-இல் 'ஜூலியா' என்ற தொடரில் கறுப்பினத் தாதி ஒருத்தி நாயகியாகத் தோன்றினாள். வானம் இடிந்து விழவில்லை.

இது கடல் கடந்த கதையென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 1963-இல் தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலேயே தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளுக்கும் இடமளித்த ஊர் சிங்கப்பூர். அவ்வூரில் 2019 ஜூலையில் வெளிவந்த பணப்பட்டுவாடா விளம்பரம் ஒன்றில், ஒரே சீன நடிகர் நான்கு வேடம் தாங்கினார். அவற்றுள் ஒன்று, தோலைக் கருமையாக்கிக்கொண்ட 'முத்துசாமி'! முத்துசாமிகள் இல்லாத ஊரா அது? கண்டனம் எழுந்தபின் விளம்பரம் மீட்கப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது.

பிறரைக் குறைகூறும் நாம் நம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, சிவப்பே அழகென்று போதித்த முகப்பூச்சொன்று, 2020-இல்தான் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்னும் சொல்லை அகற்றியது. அதனை வாங்கிப் பூசியோர் யார்? மணப்பெண்ணின் நிறத்தை முதலில் விசாரிப்போர் யார்? நம் மக்களல்லரோ!

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழ்மக்காள்! நம் முகம் ஏளனமாகக் காட்டப்படும்போது கண்டிப்போம். அக்கண்டனம் பலிக்க வேண்டுமாயின், நம் வீட்டுக் கருநிறக் குழந்தையை முதலில் அழகென்று அழைப்போம்.