தேக்கடியில் ஒரு நாள்: பெரியாறு ஏரிக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது தேக்கடி. தேனியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பும் ஒருநாள் பயணத்துக்குத் தென்மாவட்ட மக்கள் பெரிதும் நாடும் இடம் இது. கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப்பை அடைந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. ஏரியின் நீரை மின் நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களை இப்பாதையிலேயே காணலாம். மேலே குமுளியில் மாநில எல்லை ஊரின் நடுவே செல்கிறது. எல்லையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் வனத்துறையின் நுழைவாயில் வந்துவிடும்.

பெரியாறு ஏரி இயற்கையாக உருவானதல்ல. முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பொறியாளர் ஜான் பென்னிகுவிக் மேற்பார்வையில் 1887-ல் தொடங்கி 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் காட்டுப் பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. அவற்றில் நின்ற மரங்களின் அடிப்பகுதிகள் இன்றும் கருநிறக் கட்டைகளாக நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டுப்போய் நூறாண்டுகளைக் கடந்த பின்னும் அவை நீர்க்காகங்களுக்கும் பாம்புத்தாராக்களுக்கும் இருப்பிடமாகியுள்ளன. தேக்கடியின் அடையாளமாகிவிட்ட இக்கட்டைகள், படகோட்டிகள் கவனித்து விலக வேண்டிய தடைகளும்கூட.

அணைக்கான நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கும் ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே கையெழுத்தானது. நீர் பரவும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1970-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமையைத் தமிழகம் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. மேற்கு நோக்கி ஓட வேண்டிய நீர், மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களை அடைகிறது.

நாள்தோறும் செய்திகளில் வெளியாகும் முல்லைப் பெரியாறு நீர்மட்டத்தைச் சுற்றுலாப் பயணிகளும் பார்த்துக்கொள்வது பயன் தரும். உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல் அளித்த தீர்ப்பின்படி 142 அடி வரை நீர் தேக்கலாம். நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது ஏரி காட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கும். காட்சி அழகாக இருக்கும், ஆனால் விலங்குகள் மரங்களுக்குள் மறைந்திருக்கும். நீர் வடிந்த பின் கரையோரச் சரிவுகளில் இளம்புல் முளைக்கிறது. அப்போது யானை, காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி ஆகியவை திறந்த வெளிக்கு வருகின்றன. காட்டுக்குள் ஓடைகள் வற்றும் மார்ச் முதல் மே வரையிலான காலம் விலங்குகளைக் காண ஏற்றது. பச்சையும் குளிரும் வேண்டுவோர் அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் செல்லலாம். புலிகள் காப்பகம் என்ற பெயரை நம்பிப் புலியை எதிர்பார்த்துச் செல்வோர்தான் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர்.

ஏரியைச் சூழ்ந்த காட்டை 1934-ல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்ற பெயரில் திருவிதாங்கூர் அரசு பாதுகாத்தது. 1978-ல் அது புலிகள் காப்பகமானது. மையப் பகுதியான 350 சதுர கிலோமீட்டர் 1982-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சபரிமலையும் இக்காப்பகத்தின் எல்லைக்குள்தான் உள்ளது.

படகுப் பயணம்

தேக்கடிக்குச் செல்லும் பலரின் நோக்கம் படகுப் பயணமே. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கும் இப்பயணத்துக்கு விடுமுறை நாள்களில் இருக்கை கிடைப்பது கடினம் என்பதால் முன்பதிவு அவசியம். அதிகாலைப் படகும் மாலையின் கடைசிப் படகும் விலங்குகளைக் காண உகந்தவை; நண்பகலில் பெரும்பாலும் நீரையும் வெயிலையும் மட்டுமே காண முடியும். அணைப் பகுதிக்குப் படகுகள் செல்வதில்லை. அங்கு பொதுமக்களுக்கு அனுமதியும் இல்லை. சொந்த வாகனங்களைப் படகுத்துறை வரை ஓட்டிச் செல்ல முடியாது. வெளியே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் செல்ல வேண்டும்.

படகில் உயிர்காப்பு உடையை அணியச் சொல்வதையும், இருக்கையை விட்டு எழக் கூடாது என்று எச்சரிப்பதையும் சிலர் தொல்லையாகக் கருதுகின்றனர். அதன் பின்னணியை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று மாலை, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். தமிழகம் உட்படப் பல மாநிலங்களிலிருந்து குடும்பத்துடன் வந்தவர்கள் அவர்கள். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதால் படகு சாய்ந்ததாக அப்போது தெரிவிக்கப்பட்டது. யானைக் கூட்டம் கண்ணில் பட்டதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவது இயல்பான ஆர்வம். இரண்டடுக்குப் படகில் அதுவே பேராபத்து. உயிர்காப்பு உடையின் வார்களைப் பூட்டாமல் தோளில் தொங்கவிட்டால் அதை அணிந்தும் பயனில்லை.

நேரமும் உடல்வலுவும் உள்ளவர்களுக்கு மூங்கில் மிதவைப் பயணமே சிறந்தது. சிறு குழுவாகக் காட்டுக்குள் நடந்து, பின் மிதவையில் ஏறி, சத்தமின்றி ஏரியின் உட்பகுதிகளுக்குச் செல்லலாம். வனக்காவலர் ஒருவர் துப்பாக்கியுடன் உடன் வருவார். வழிகாட்டிகளில் ஒரு பிரிவினர் முன்பு காட்டில் சட்டவிரோதமாக மரப்பட்டை உரித்து வாழ்ந்தவர்கள். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அவர்கள் காவலர்களாக மாறினர். மன்னான், பளியர் பழங்குடியினரும் இப்பணியில் உள்ளனர். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்ததாகக் கூறும் மன்னான் மக்களின் பேச்சு தமிழோடு நெருங்கியது. உள்ளூர்ப் பெண்கள் அமைத்துள்ள 'வசந்த சேனை' 2002 முதல் ஊதியமின்றிக் காட்டில் ரோந்து செல்கிறது.

பிளாஸ்டிக் பொருள்களுக்குப் பூங்காவில் அனுமதி இல்லை. குரங்குகள் பைகளைப் பறிக்கும் என்பதால் உணவுப் பொட்டலங்களைக் கையில் வைத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் நடைபயணம் செல்வோர் அட்டைக்கடியைத் தவிர்க்க, நுழைவிடத்தில் தரப்படும் துணிக் காலுறைகளை அணிந்துகொள்ள வேண்டும்.

காப்பகத்தின் வடகிழக்கு விளிம்பில் மலை உச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் சித்திரா பௌர்ணமி அன்று மட்டுமே அனுமதி உண்டு. குமுளியிலிருந்து ஜீப்பிலோ, கூடலூர் அருகே பளியன்குடியிலிருந்து கால்நடையாகவோ செல்லலாம். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூட்டாக ஏற்பாடுகளைச் செய்கின்றன. அன்று குமுளியில் கூட்டம் மிகுந்திருக்கும் என்பதால், ஏரியை மட்டும் காண விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.