மார்செய் செய்த சமரசம்

புரோலாக் மொழியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தர்க்கத்தில்தான் தொடங்குகிறார்கள். என்ன வேண்டும் என்று விதிகளாகச் சொன்னால் போதும், எப்படி என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற கனவிலிருந்து அது பிறந்ததாம். பாதிதான் உண்மை. 1970களின் தொடக்கத்தில் மார்செய் நகரில் அலென் கோல்மரோவர் தேடியது பிரெஞ்சு வாக்கியங்களைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் நிரலை. அதற்குமுன் மொன்றியாலில் இயந்திர மொழிபெயர்ப்பில் உழன்றவர் அவர். தர்க்கத்தைக் கொண்டுவந்தவர் 1971 கோடையில் எடின்பரோவிலிருந்து வந்த ராபர்ட் கோவால்ஸ்கி. மார்செய் குழுவில் பிலிப் ரூசெலும் உடனிருக்க, வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் தர்க்கத்தின் தூய்மை பலியானது. அந்தப் பலிதான் மொழியை வாழவைத்தது என்பேன்.

ராபின்சன் 1965இல் தந்த நிரூபண முறை எந்த வரிசையில் தேடுவது என்று கட்டாயப்படுத்தவில்லை. அதனால் தேடல் கட்டுக்கடங்காமல் பெருகும். மார்செய்க்காரர்கள் விதிகளை மேலிருந்து கீழாகவும், ஒவ்வொரு விதியின் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகவும் பார்த்தார்கள். வழி அடைத்தால் கடைசியாகத் தேர்வு செய்த இடத்துக்குத் திரும்பி அடுத்ததை முயல்வது. இதற்கு விலை உண்டு. ‘கவின் மலருக்குப் பெற்றோர் என்றால் மூதாதை, கவினின் மூதாதையும் மலரின் மூதாதையே’ என்ற இரு விதிகளில், இரண்டாவதை முதலில் வைத்து, மூதாதையைத் தேடும் நிபந்தனையை அதன் முன்னால் எழுதினால் நிரல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். தர்க்கப்படி பொருள் மாறவே இல்லை. போதாக்குறைக்கு, மீதித் தேர்வுகளை வெட்டியெறியும் குறியும் 1973 வடிவத்திலேயே வந்துவிட்டது.

அப்படியானால் இதை விதிமொழி என்பதே ஏமாற்று அல்லவா என்று தூய்மைவாதிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தேடல் ஒரே வரிசையில் நடப்பதால், பின்வாங்கும்போது கடைசியில் வந்தது முதலில் வெளியேறும். நினைவகமும் அதோடு மீளும். 1977இல் எடின்பரோவில் டேவிட் வாரன் எழுதிய கம்பைலர் இந்த ஒழுங்கில்தான் நின்று லிஸ்ப் மொழியுடன் வேகத்தில் போட்டியிட்டது. தர்க்க நிரலாக்கத்தை நம்பி இறங்கிய ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் தோற்றதே என்பது அடுத்த ஆட்சேபம். 1982இல் தொடங்கிய அந்தத் திட்டம் பல செயலிகள் ஒரே சமயத்தில் ஓட வேண்டும் என்பதற்காகப் பின்வாங்கித் தேடுவதையே கைவிட்டு, கேஎல்1 என்ற வேறு மொழிக்குப் போய்விட்டது. அதன் தோல்வியை மார்செய் கணக்கில் எழுதுவது பொருந்தாது.