கல்கத்தாவும் மைசூரும்: இந்திய உளவியல் கல்வியின் இரு வாயில்கள்

முன்னுரை

உளவியலில் பட்டம் பெற விரும்பும் மாணவர் ஒருவருக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்குமானால், எதனைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி எழுவது இயல்பாகும். கட்டணம், தொலைவு, தரவரிசை, விடுதி வசதி ஆகியவை முதலில் எண்ணிப் பார்க்கப்படுகின்றன. இவை யாவும் தேவையானவையே. எனினும், உளவியலைப் பொறுத்தவரை இவற்றுக்கும் அடிப்படையான வேறொரு கேள்வி உண்டு. ஒரே பெயரில் வழங்கும் இப்பாடம் ஓரிடத்தில் அளவீட்டுக் கலையாகவும், வேறோரிடத்தில் நோயாளியின் பேச்சைக் கேட்டு ஆராயும் கலையாகவும் கற்பிக்கப்படக்கூடும். ஆகவே, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், தாம் அறியாமலேயே உளவியல் என்றால் என்ன என்பதற்கான விடையையும் தேர்ந்தெடுத்து விடுகிறார்.

இந்நிலை இன்று புதிதாகத் தோன்றியதன்று. இந்தியாவில் உளவியல் தனித்துறையாக உருப்பெற்ற தொடக்கக் காலத்திலேயே, கல்கத்தா, மைசூர் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் இருவேறு விடைகளை முன்வைத்தன. அவ்விரு துறைகள் தோன்றிய வரலாற்றை ஒப்புநோக்கி, அதிலிருந்து இன்றைய மாணவர் பெறக்கூடிய தெளிவினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே வேர், இரு கிளைகள்

தற்கால உளவியலின் தொடக்கமாகப் பெரும்பாலும் குறிக்கப்பெறுவது 1879ஆம் ஆண்டாகும். அவ்வாண்டில் செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். அதுவரை மெய்யியலின் ஒரு பகுதியாகவே இருந்துவந்த மனத்தைப் பற்றிய ஆய்வு, கருவிகளும் கால அளவீடும் கொண்ட சோதனை முறைக்குள் வந்தது. பல நாட்டு மாணவர்களும் லைப்சிக்கை நாடிச் சென்றனர்.

அவர்களுள் இருவர் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவர்கள். ஒருவர் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க். இவர் 1885இல் லைப்சிக்கில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் வில்லியம் ஜேம்சின் அழைப்பை ஏற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்று அங்குள்ள ஆய்வுக்கூடத்தை நடத்தினார். மற்றொருவர் சார்லஸ் ஸ்பியர்மன். ஆங்கிலேயப் படையில் பணியாற்றியபின் லைப்சிக் சென்ற இவர், 1906இல் வுண்டிடம் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே, 1904இல், பொது நுண்ணறிவு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டிருந்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியேற்று, மனத்திறன்களைப் புள்ளியியல் வழியே ஆராயும் மரபினை வளர்த்தார்.

ஹார்வர்டு மரபு கல்கத்தாவுக்கும், இலண்டன் மரபு மைசூருக்கும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே ஆசிரியரிடமிருந்து பிரிந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

கல்கத்தா: ஆய்வுக்கூடத்திலிருந்து அடிமனத்திற்கு

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு வித்திட்டவர் மெய்யியல் அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் (1864–1938) ஆவார். 1905ஆம் ஆண்டளவில் சோதனை உளவியலுக்கான பாடத்திட்டத்தை அவர் வரைந்தளித்தார். 1906 முதல் 1914 வரை துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி பட்டமேற்படிப்புகளை விரிவாக்கியதால், புதிய துறைகள் தோன்றுவதற்கான சூழல் உருவாயிற்று. 1915இல் உளவியல் ஆய்வுக்கூடமும், 1916இல் இந்தியாவின் முதல் உளவியல் துறையும் அங்கு அமைந்தன. ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அத்துறையின் பொறுப்பை ஏற்றார்.

புதிய துறையை நாடி வந்த மாணவர்களுள் கிரீந்திரசேகர் போஸ் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழில் நடத்திவந்த அவர், மீண்டும் மாணவராகிச் சோதனை உளவியல் பயின்று, 1917இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தொடர்ந்து அத்துறையிலேயே ஆசிரியருமானார். 1921இல் ‘ஒடுக்கம்’ என்னும் கருத்தை ஆராய்ந்து அவர் எழுதிய ஆய்வேட்டிற்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கப்பெற்றது. அந்நூலை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அவர் அனுப்பினார். அதில் தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தம் இல்லத்தில் அவர் நிறுவினார். பிராய்டின் கருத்துகளை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டவரல்லர். எதிரெதிர் விருப்பங்கள் ஒருங்கே மனத்தில் இயங்குகின்றன என்னும் தம் கொள்கையைப் பிராய்டிடமே வலியுறுத்தியவர் அவர்.

1920களின் இறுதியில் சென்குப்தா இலக்னோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பின்னர் கல்கத்தாத் துறையின் தலைமை போசிடம் வந்தது. இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே. எதிர்வினை நேரத்தையும் புலனுணர்வையும் அளந்துகொண்டிருந்த துறையில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு ஓங்கியது. 1916இல் சேர்ந்த மாணவரும் 1930களில் சேர்ந்த மாணவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே துறையில் பயின்றவர்களே. எனினும், அவர்கள் கற்ற பாடத்தின் அழுத்தம் ஒன்றாக இருந்திருக்க இயலாது.

1921: ஓர் இடமாற்றம்

இரு பல்கலைக்கழகங்களின் வரலாறும் ஒன்றோடொன்று பிணையும் ஆண்டு 1921 ஆகும். அவ்வாண்டில் பிரஜேந்திரநாத் சீல் கல்கத்தாவை விட்டு நீங்கி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அதே ஆண்டில், மைசூரில் மெய்யியல் கற்பித்துவந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், கல்கத்தாவில் சீல் வகித்துவந்த பேராசிரியர் இருக்கையை ஏற்றார். ‘மன, ஒழுக்க அறிவியல்’ என்பது அவ்விருக்கையின் பெயர். மனத்தைப் பற்றிய அறிவு ஒழுக்கவியலோடும் மெய்யியலோடும் ஒருசேர எண்ணப்பட்ட காலத்தின் சுவடு அப்பெயரிலேயே பதிந்துள்ளது.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் தோன்றியது. இந்தியச் சமத்தானம் ஒன்றில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் என்னும் பெருமை அதற்குண்டு. கல்கத்தாவில் உளவியலுக்கு வழிவகுத்த சீல், 1930 வரை இங்குத் துணைவேந்தராக இருந்தார். அவருடைய பதவிக்காலத்திலேயே, 1924இல், மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் துறை தொடங்கப்பெற்றது.

மைசூர்: அளவீடும் பயன்பாடும்

மைசூர்த் துறைக்குத் தலைமையேற்றவர் எம்.வி. கோபாலசுவாமி ஆவார். இவர் இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். ஆகவே, இங்கும் ஆய்வுக்கூடம் அமைந்தது என்றாலும், அதன் நாட்டம் வேறாயிற்று. நுண்ணறிவுச் சோதனை, கல்வி உளவியல், மனத்திறன் அளவீடு ஆகியவை முதன்மை பெற்றன. தனிமனிதனின் ஆழ்மனத்தைத் துருவி ஆராய்வதனினும், பலருடைய திறன்களை ஒப்பிட்டு அறிவதே இம்மரபின் அடிப்படையாகும்.

இம்மரபு ஒரு கடினமான கேள்வியை எழுப்பிற்று. ஐரோப்பியக் குழந்தைகளுக்காக ஆக்கப்பட்ட சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு வழங்குவது எங்ஙனம்? வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. ஒரு மொழியில் எளிதாக உள்ள சொல் இன்னொரு மொழியில் அருஞ்சொல்லாக அமையலாம். எண்களைக் கேட்டு நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும் எளிய சோதனையிலும் இச்சிக்கல் உண்டு. எண்ணுப்பெயர்களை ஒலிக்க நெடுநேரம் பிடிக்கும் மொழியில் நினைவில் நிற்கும் எண்களின் தொகை குறைவதாக, வேல்சு மொழியை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு 1980இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. குழந்தையின் அறிவுக்குறை எனக் கருதப்படுவது மொழியின் இயல்பாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். பன்மொழிச் சூழலில் வாழும் நமக்கு இவ்வுண்மை மிகவும் நெருக்கமானதாகும்.

கோபாலசுவாமியின் ஆர்வம் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 1935இல் அவர் மைசூரில் தம் இல்லத்திலிருந்து வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ‘ஆகாசவாணி’ எனப் பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் அனைத்திந்திய வானொலியும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது.

தமிழ் மாணவர் முன் நின்ற தேர்வு

சென்னைப் பல்கலைக்கழகம் கல்கத்தாவைப் போன்றே 1857இல் தோன்றியதாயினும், அங்கு உளவியல் தனித்துறையாக அமைந்தது 1943இல்தான். ஜி.டி. போவாஸ் அதற்குத் தலைமையேற்றார். அதற்கு முன்னர், மெய்யியல் பாடத்தின் ஒரு கூறாகவும் ஆசிரியர் பயிற்சியின் ஒரு பகுதியாகவுமே உளவியல் கற்பிக்கப்பட்டு வந்தது. எனவே, 1930ஆம் ஆண்டளவில் உளவியலைத் தனிப்பாடமாகப் பயில விரும்பிய தமிழ் மாணவர் ஒருவர், வெளிநாடு செல்ல இயலாதவராயின், மைசூரையோ கல்கத்தாவையோ எண்ணிப் பார்த்திருப்பார் எனக் கொள்ளலாம்.

தொலைவைக் கருதினால் மைசூரே அண்மையானது. சென்னையிலிருந்து மைசூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கல்கத்தாவோ 1,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மைசூரில் இளங்கலை மாணவர்க்கு உளவியல் கற்பிக்கப்பட்டது. கல்கத்தாத் துறை பட்டமேற்படிப்புக்கானது. ஆனால், இவற்றைவிடப் பெரிய வேறுபாடு பயின்றபின் அம்மாணவர் எவ்வகை உளவியலாளராக ஆவார் என்பதில் இருந்தது. பள்ளிகளிலும் ஆசிரியர் பயிற்சியிலும் பணியாற்ற எண்ணியவருக்கு மைசூரின் அளவீட்டு மரபு துணைபுரிந்திருக்கும். மனநோயுற்றோருக்குப் பணியாற்ற விரும்பியவருக்குக் கல்கத்தாவின் சூழல் வழிகாட்டியிருக்கும். உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் முயற்சியால் 1940இல் கல்கத்தாவில் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை தோன்றியமை இதற்குச் சான்றாகும்.

இருப்பினும், இரண்டையும் முற்றிலும் எதிரானவையாகக் கொள்வதும் பொருந்தாது. 1938இல் இந்திய அறிவியல் பேராயத்தின் வெள்ளிவிழா கல்கத்தாவில் நிகழ்ந்தபோது, ஆழ்மன ஆய்வில் புகழ்பெற்ற கார்ல் யுங்கும், அளவீட்டு மரபின் முன்னோடியான ஸ்பியர்மனும் அழைக்கப்பெற்றனர். அதே ஆண்டில் கல்கத்தாவில் பயன்முறை உளவியலுக்கெனத் தனிப்பிரிவும் தொடங்கிற்று. துறைகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றுக்கொண்டே வளர்கின்றன.

இன்றைய மாணவர்க்கு

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உளவியல் பல்கலைக்கழகப் பாடமாக நிலைபெற்றது ஒப்பளவில் அண்மைக்காலத்தில்தான். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1979இலும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1986இலும் உளவியல் இடம்பெற்றது. சிங்கப்பூரில் அது முதலில் சமூகப்பணியோடு இணைந்த துறையாகவே விளங்கியது. கல்கத்தாவில் மெய்யியலிலிருந்து பிரிந்த உளவியல், இங்குச் சமூகப்பணியின் அருகில் வளர்ந்தது எனலாம். எத்துறையின் அருகில் வளர்ந்தது என்பதும் ஒரு பாடத்தின் இயல்பை உணர்த்தும் குறிப்பாகும்.

இன்று தேர்வுக்குரிய பல்கலைக்கழகங்கள் பலவாகப் பெருகியுள்ளன. ஆயினும், மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, அங்குக் கற்பிப்போர் யார், அவர்களின் ஆய்வு எதனைப் பற்றியது என்பது. சென்குப்தா நீங்கிப் போஸ் தலைமையேற்றபின் கல்கத்தாத் துறையின் போக்கு மாறியதைக் கண்டோம். பல்கலைக்கழகத்தின் பழம்பெயர் இன்றைய வகுப்பறைக்குச் சான்றாகாது. இரண்டாவது, மனத்தை அறிய அங்குப் பயிற்றப்படும் முறை எது என்பது. புள்ளியியல், சோதனை, நேர்காணல், களப்பணி ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைப் பாடத்திட்டமே காட்டிவிடும். மூன்றாவது, அப்பட்டம் எந்தப் பணிக்கு வாயிலாக அமையும் என்பது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் மருத்துவ உளவியலாளரைத் தன் பட்டியலில் கொண்டுள்ளது. இத்தொழிலுக்கு இளங்கலைப் பட்டம் மட்டும் போதாது. அதற்குரிய முதுகலைப் பயிற்சியும் வேண்டும். எனவே, மேற்படிப்புக்குரிய வழியையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பது அறிவுடைமையாகும்.

தமிழ் மாணவர்க்கு நான்காவதாக ஒரு கேள்வியையும் சேர்க்கலாம். தாம் பயிலும் உளவியலைத் தம் மக்களின் மொழியில் எடுத்துரைக்க அக்கல்வி இடமளிக்குமா என்பதே அது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கும் மொழி நம்முடையது. தோட்டப்புறத்து முதியவர் ஒருவர் தம் துயரைத் தமிழில் சொல்லும்போது, ஆங்கிலத்தில் மட்டுமே பயின்ற உளவியலாளர் அதன் முழுப்பொருளையும் உணர்வார் எனச் சொல்வதற்கில்லை. போஸ் தம் கருத்துகளை வங்காள மொழியிலும் எழுதினார் என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

முடிவுரை

வுண்டின் மாணவர் இருவர். அவ்விருவரின் மாணவராகிய இந்தியர் இருவர். இரு துறைகளும் தோன்ற வழிசெய்த அறிஞர் ஒருவர். இத்துணை நெருங்கிய உறவுடைய கல்கத்தாவும் மைசூரும் இருவேறு உளவியல்களை வளர்த்தன. இவற்றுள் எது உயர்ந்தது என வினவுவது பயனற்றது. கல்கத்தா இன்றியமையாததாக இருந்தது ஒருவகை மாணவர்க்கு. மைசூர் இன்றியமையாததாக இருந்தது இன்னொரு வகை மாணவர்க்கு. 1910இல் மருத்துவராகிவிட்ட போஸ், மற்றொரு பட்டத்திற்காக அன்று, தம் நோயாளிகளைப் புரிந்துகொள்ள உதவும் அறிவிற்காகவே மீண்டும் மாணவரானார் என்று கருத இடமுண்டு. மனித மனத்தில் தாம் அறிய விரும்புவது எது என்பதை முதலில் தமக்குள் தெளிந்துகொண்ட மாணவர்க்கு, இரு பல்கலைக்கழகங்களுள் ஒன்றைத் தேர்வது அத்துணைக் கடினமாக இராது. அத்தெளிவைப் பெற உதவுவது பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் கடமையுமாகும்.