குளோரின் வாயுவைக் கட்டுக்குள் வைத்த நூறாண்டு: குடிநீர் நிலையக் கருவிகளின் வளர்ச்சியும் திண்டுக்கல் சமவெளியும்

1. முன்னுரை

திண்டுக்கல் நகரத்தின் குடிநீர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. மேற்குமலை அடிவாரத்து ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், தெற்கே வைகையின் பேரணை, வடக்கே காவிரி என மூன்று திசைகளிலிருந்தும் குழாய்வழித் தண்ணீர் ஊருக்கு வருகிறது. மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சமவெளி பாறை மிகுந்த வறண்ட நிலம். அங்கே கிணற்றில் கிடைத்த நீரையும் தோல் பதனிடும் கழிவு பல இடங்களில் கெடுத்துவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் கழிவால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக அப்போதைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இடம்பெற்றது.

தொலைவிலிருந்து வரும் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒருமுறை கிருமிநீக்கம் செய்தால் போதாது. நீண்ட குழாய், தரைமட்டத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் எல்லாம் கடந்து கடைசி வீட்டுக் குடத்தில் விழும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500. பெரிய அளவு நீரில் இந்த எச்சத்தை நாள் முழுதும் சீராகத் தருவதற்குக் குறைந்த செலவில் கைகொடுப்பது குளோரின் வாயு. நுரையீரலைக் கருக்கிக் கொல்லவும் அதே வாயுவால் முடியும்.

இந்த வாயுவை நீரில் கலக்கும் கருவிகள் எப்படி வளர்ந்தன, அவ்வளர்ச்சி தமிழகத்துக்கு எவ்வழி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மனிதனின் கவனத்தை மட்டும் நம்பியிருந்த பாதுகாப்பு மெல்ல மெல்லக் கருவியின் அமைப்புக்குள்ளேயே குடியேறியது என்பதும், அந்த அமைப்பு உயிரோடு இருப்பது அன்றாடப் பராமரிப்பால்தான் என்பதும் இதன் வாதம்.

2. தூளிலிருந்து வாயுவுக்கு

1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைஃபாய்டு பரவியபோது, குடிநீர்க் குழாய்களில் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் செலுத்திக் கிருமிநீக்கம் செய்தார்கள். 1905இல் லிங்கன் நகரில் இதே நோய் வந்தபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தொடர்ந்து கலந்தார். 1908 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்கு நீர் தரும் பூண்டன் நிலையத்தில், மருத்துவர் ஜான் லீலின் முயற்சியால் பிளீச்சிங் பவுடர் கரைசல் அன்றாட வழக்கமாயிற்று.

இவை யாவும் தூளும் கரைசலும்தான். வாயுவையே அடைத்து எடுத்துச் செல்லலாம் என்ற யோசனையை முதலில் எழுதியவர்களுள் ஒருவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்டு. குளோரினைத் திரவமாக்கி, ஈயப் பூச்சு கொண்ட இரும்புக் கலத்தில் அடைத்து, மயிரிழை அளவுத் துளை வழியே நீருக்குள் விட்டால் பத்துப் பதினைந்து நிமிடங்களில் நீர் தூய்மையாகிவிடும் என்று 1903இல் அவர் எழுதினார். படைகளின் தண்ணீர் வண்டிகளுக்கு அது பயன்படும் என்பது அவர் எண்ணம். 1910இல் அமெரிக்கப் படை மருத்துவர் கார்ல் டார்னல் அடைத்த வாயுவைக் கொண்டு இயங்கும் கருவியைச் செய்து காட்டினார். 1913இல் சார்லஸ் வாலஸ், மார்ட்டின் டியர்னன் இருவரும் பூண்டனில் வாயுக் குளோரினேட்டரை நிறுவினர்.

இரண்டே ஆண்டுகளில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை ஆயிரக்கணக்கான உருளைகளின் வால்வைத் திறந்து இதே வாயுவை எதிரிகள்மீது விட்டது. குடிநீர் நிலையத்தின் வாயு அறையில் வேலை செய்பவர் கையாளுவது என்ன என்பதை அந்த நாள் உலகுக்குச் சொல்லிவிட்டது.

3. உந்துதலிலிருந்து இழுப்புக்கு

உருளைக்குள் குளோரின் திரவமாக இருக்கிறது. 20 பாகை செல்சியஸில் அதன் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. 40 பாகையில் பதினோரு மடங்கு. முதல் தலைமுறைக் கருவிகள் இந்த அழுத்தத்தையே உந்துவிசையாகக் கொண்டன. உருளையிலிருந்து நீர்க்குழாய் வரை எங்கும் வாயு அழுத்தத்தோடு நின்றது. இணைப்பு எதுவாயினும் தளர்ந்தால் அது வெளியேதான் பாயும். இயக்குபவரின் கண்ணும் மூக்கும் மட்டுமே அப்போது காவல்.

1920களில் வந்த வெற்றிடக் குளோரினேட்டர் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. அதில் ஒரு பம்ப், எஜெக்டர் எனும் குறுகிய வாய் வழியே நீரை வேகமாகத் தள்ளுகிறது. அந்த வேகத்தால் அங்கே வெற்றிடம் உண்டாகி, வாயு உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, வாயு வெளியே வராது. மின்சாரம் நின்று பம்ப் ஓய்ந்தால் வெற்றிடம் கலைகிறது. வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் சீராக்கியின் வால்வு தானே மூடிக்கொள்கிறது. தொடக்கக் கருவிகளில் இச்செயலைக் கண்ணாடிக் கூண்டுக்குள் கண்ணால் பார்க்க முடிந்தது. பிறகு துருவேறாத பிளாஸ்டிக் உறுப்புகள் வந்தன. 1960களிலிருந்து வெற்றிடச் சீராக்கியை உருளையின் வால்விலேயே பூட்டும் முறை பரவியது. அழுத்தத்தில் நிற்கும் வாயுவின் பாதை சில அங்குலங்களாகக் குறைந்தது. குளோரினேற்ற வரலாற்றில் பாதுகாப்பை இந்த அளவுக்கு உயர்த்திய மாற்றம் வேறில்லை.

4. தமிழகத்துக்கு வாயு வந்த வழி

உள்ளாட்சி மன்றங்கள் மக்களுக்குக் குடிநீர் தருவதைக் கடமையாக வரையறுத்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். சட்டம் வந்தாலும் வாயு வேண்டுமே! காஸ்டிக் சோடா தயாரிக்கும்போது உடன் விளைவது குளோரின். 1936இல் தொடங்கப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனமும், 1950களின் இறுதியில் தூத்துக்குடிப் பகுதியின் சாகுபுரத்தில் எழுந்த ஆலையும் உப்பையும் மின்சாரத்தையும் கொண்டு தமிழகத்திலேயே குளோரினை உண்டாக்கின.

1971 ஏப்ரல் 14 அன்று தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் செயல்படத் தொடங்கியது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பெருகின. பெரிய திட்டங்களுக்கு வாயு பொருந்தும் காரணத்தை ஒரு கணக்கு காட்டும். நாளுக்கு ஒரு கோடி லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் இட 20 கிலோ வாயு போதும். 900 கிலோ கொண்ட, டன்னர் எனும் பெரிய உருளை ஒன்று 45 நாள் வரும். அதே வேலைக்கு 33 விழுக்காடு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் நாள்தோறும் 60 கிலோ கரைக்க வேண்டும். திண்டுக்கல் வெயிலில் மூட்டை கிடக்கக் கிடக்க அதன் வீரியமும் குறையும். ஆகவே ஊராட்சியின் சிறு தொட்டிக்குப் பவுடரும், பெரிய நீரேற்று நிலையத்துக்கு வாயுவும் என்ற பிரிவு இயல்பாக அமைந்தது.

இந்தியத் தர நிறுவனம் 1967இல் குளோரினுக்கான பாதுகாப்பு நெறியை ஐ.எஸ். 4263 என வெளியிட்டது. 1980களின் தொடக்கத்தில் வந்த ஐ.எஸ். 10553 வரிசை, குளோரின் நிலையங்களின் அமைப்பையும் வெற்றிட வகை, ஈர்ப்பு வகைக் கருவிகளையும் தனித்தனியே வரையறுத்தது.

5. சட்டத்தின் காவலும் அதன் எல்லையும்

1984 டிசம்பரில் போபால் பேரழிவு நிகழ்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 4 அன்று டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் கசிந்தது. அந்த ஆலையின் குளோரின் பிரிவையும் உள்ளடக்கிய எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துவோர் தீங்குக்கு முழுப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1986இல் அறிவித்தது. அதே ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகர ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளும் வந்தன.

இவ்விதிகளில் குளோரினுக்கான தொடக்க வரம்பு 10 டன். ஐந்தாறு டன்னர் வைத்திருக்கும் குடிநீர் நிலையம் அவ்வரம்பை எட்டாது. கடுமையான கடமைகள் பெரிய ஆலைகளைக் குறிவைத்து எழுதப்பட்டவை. ஊர் நடுவே இருக்கும் சிறு நிலையம் அவற்றின் விளிம்புக்கு வெளியே நிற்கிறது. 2022 அக்டோபரில் அதே போபாலில், ஈத்கா குன்றுப் பகுதிக் குடிநீர் நிலையத்தில் குளோரின் உருளை கசிந்து, சுற்றுவட்டார மக்கள் கண்ணெரிச்சலாலும் மூச்சுத்திணறலாலும் அவதிப்பட்டனர். சட்டத்தின் கை எட்டாத இடத்தில் பராமரிப்புதான் காவல் நிற்க வேண்டும்.

6. கருவி அறைக்குள்

உருளை மாற்றும் வேளைதான் ஆபத்து கூடிய வேளை. அழுத்தத்தில் நிற்கும் பாதையைத் திறந்து மூடும் ஒரே தருணம் அது. வால்வுக்கும் அதைக் கருவியோடு பிணைக்கும் யோக்கிற்கும் நடுவே ஈய வாஷர் ஒன்று உண்டு. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாகப் பொருந்தாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதியது போட வேண்டும். பூட்டியதும் வால்வைச் சற்றே திறந்து உடனே மூடிவிட்டு, அம்மோனியாக் கரைசல் புட்டியின் ஆவியை இணைப்பருகே காட்ட வேண்டும். கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெண்புகை எழும். இந்தச் சோதனை முடியாமல் வால்வை முழுதாகத் திறக்கக் கூடாது. வேலை செய்ய இருவர் வேண்டும்: ஒருவர் பூட்ட, மற்றவர் வெளியே நின்று கவனிக்க.

டன்னரைக் கிடையாக வைக்கும்போது அதன் இரு வால்வுகளும் மேலும் கீழுமாக ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். கசிவு ஏற்பட்டால் ஓட்டை மேற்புறம் வரும்படி டன்னரை உருட்டுவதற்கும் இதுவே காரணம். ஒரு லிட்டர் திரவம் நானூற்றைம்பது லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும் என்பதால், திரவம் கசிவதைவிட வாயு கசிவது பல மடங்கு மேல். கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றுவது பெருந்தவறு. நீரும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் அமிலம் இரும்பை அரித்துத் துளையைப் பெரிதாக்கும்.

காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு தரையோடு படியும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அதன் சுவிட்சும் மூச்சுக்கருவியும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். அறைக்குள் பூட்டி வைத்த மூச்சுக்கருவியால் பயனில்லை. உருளையின் உருகு அடைப்பான் சுமார் 70 பாகையில் உருகிவிடும் என்பதால், வெயிலில் உருளையைப் போட்டு வைப்பது விபத்தை அழைப்பது.

கருவிக்குள் அடிக்கடி பழுதாவது எஜெக்டரின் எதிரோட்டத் தடுப்புச் சவ்வு. அது கிழிந்தால் நீர் பின்னேறிக் குளோரினேட்டருக்குள் புகும். உலர்ந்த குளோரின் எஃகை ஒன்றும் செய்யாது. ஈரம் பட்ட குளோரின் அரித்துத் தின்னும். வாயுவின் ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் கண்ணாடியில் பழுப்புப் படிவு தோன்றுவதும், அதனுள் மிதக்கும் குண்டு ஓரிடத்தில் ஒட்டி நிற்பதும் உள்ளே ஈரமோ அழுக்கோ சேர்ந்ததைக் காட்டும். ஒட்டிய குண்டைப் பார்த்து வாயு ஓடுவதாக எழுதும் பதிவேடு பொய்ப் பதிவேடு. சவ்வு, சுருள்வில், ஓரிங் மூன்றையும் பழுதாகும்வரை காத்திராமல் ஆண்டுதோறும் மாற்றுவதே முறை.

வெற்றிடக் கருவியில் இன்னொரு பக்கமும் உண்டு. பம்ப் நின்றால் வாயு நிற்கும். குழாயில் ஈர்ப்பால் ஓடும் நீர் நிற்காது. மனிதரைக் காக்கும் அதே நிறுத்தம், அடுத்த சில மணி நேரத்துக்குக் குளோரின் இல்லாத நீரை ஊருக்கு அனுப்பிவிடும். மாற்று பம்பும் ஜெனரேட்டரும், கடைசித் தெருக்குழாயில் நாள்தோறும் எஞ்சிய குளோரின் சோதனையும் இருந்தால்தான் இக்குறை தீரும்.

7. முடிவுரை

நெஸ்ஃபீல்டின் 1903ஆம் ஆண்டு யோசனையிலிருந்து இன்றைய வெற்றிடச் சீராக்கி வரையிலான வளர்ச்சி, வாயு வெளியே வரும் வாய்ப்பை ஒவ்வொரு படியிலும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் காவல் முழுவதும் சில ரூபாய் வாஷரிலும் ஒரு ரப்பர் சவ்விலும், அவற்றை மாற்றும் தொழிலாளியின் பயிற்சியிலும் தங்கியிருக்கிறது. திண்டுக்கல் போன்ற தொலைவுத் தண்ணீர் ஊர்களில் குளோரின் அறையை இயக்குபவர் பல்லாயிரம் குடும்பங்களின் உயிரைக் கையில் வைத்திருப்பவர். அவரைத் தனியாக அறைக்குள் அனுப்பாதிருப்பதும், ஆண்டுதோறும் பயிற்சி தருவதும், மூச்சுக்கருவியையும் உதிரி உறுப்புகளையும் தட்டின்றி வழங்குவதும் உள்ளாட்சிகளின் சட்டக் கடமையாக வேண்டும். 10 டன் வரம்புக்குக் கீழுள்ள குடிநீர் நிலையங்களுக்கும் அவசரகாலத் திட்டத்தைக் கட்டாயமாக்கும் தனி விதியை அரசு வகுக்க வேண்டும்.